ஏழு வயதில் தேடி வருகிறீர்கள், ஏழு மாதத்தில் எங்கே இருந்தீர்கள்?

மலேசியாவின் தென் பேராக்கில் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கோயில் நிர்வாகக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும், கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று அக்காமார்களுக்கும் வணக்கம்.

முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கும்போதெல்லாம் நீங்கள் வீடு வீடாக வருகிறீர்கள். கையில் "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற பதாகை. புத்தகப் பை இலவசம், சீருடை இலவசம், வேனுக்குப் பாதிக் கட்டணம் என்று சொல்கிறீர்கள். வெயிலில் தாமான் தாமானாக, ஒவ்வொரு வீடமைப்புப் பகுதியாக நடக்கும் உங்களைக் குறை சொல்ல மனமில்லை. என் மகளையும் அங்கேதான் சேர்க்கப் போகிறேன். ஆனால் நீங்கள் தட்டும் கதவுகளில் பல பூட்டிக் கிடக்கின்றனவே, அந்தக் குடும்பங்கள் எப்போது போயின, ஏன் போயின என்று யாராவது விசாரித்தீர்களா?

நான் விசாரிக்கத் தேவையில்லை. என்னோடு ஒரே சமயத்தில் கிளினிக்கில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். ஒருத்தி ஷா ஆலமில் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி ரவாங்கில் நாத்தனார் வீட்டு மேல்மாடியில் இருக்கிறாள். மூன்றாமவள் ஊரில்தான் இருக்கிறாள், வேலையை விட்டுவிட்டாள், இந்த ஒரு பிள்ளையே போதும் என்று சொல்லிவிட்டாள். தமிழ்ப்பள்ளி பிடிக்காமல் யாரும் போகவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக ஓர் இடம் இல்லாமல் போனார்கள். உங்கள் முதலாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது, அம்மாவின் பிரசவ விடுமுறை முடிகிற வாரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பள்ளியில் மாணவர் எண்ணிக்கை 150-க்குக் கீழே போனால் குறைந்த மாணவர் பள்ளி என்று முத்திரை விழும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60 நாள்தான். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. அப்பாமார்களுக்கும் ஏழு நாள் கிடைத்தது. ஆனாலும் 98 நாள் என்றால் மூன்று மாதமும் ஒரு வாரமும்தான். அந்த வயதுப் பிள்ளைக்கு அப்போதுதான் கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கும். குப்புறப் புரண்டால் மீண்டும் மல்லாக்கத் திரும்பத் தெரியாது. இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு அழும். காண்ட்ராக்டரிடம் நாள் சம்பளத்துக்கு உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்கு அந்த 98 நாளும் ஏட்டோடு சரி. பச்சை உடம்புக்காரியாக, பத்தியம் முடிந்த கையோடு சாக்கைத் தூக்கிக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் பொழுது எத்தனை மணிக்கு விடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பெரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் அணிவகுப்பு, ஆறு மணிக்கு முன்பே. தொழிற்சாலை பஸ் ஐந்தரைக்கு முச்சந்தியில் நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த ஊரில் பதிவு பெற்ற தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், ஒன்று இருக்கிறது. சுவரில் வாத்து, முயல் எல்லாம் வரைந்து அழகாக வைத்திருக்கிறார்கள். காலை ஏழுக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுகிறார்கள். தாமதமாகப் போனால் தனிக் கட்டணம். ஆபிஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரியான நேரம்தான். எனக்குக் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை ஷிஃப்ட்.

ஆகவே என்ன நடக்கிறதென்றால், நான் நாலேகாலுக்கு எழுந்து பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன். மாற்றுத் துணி, பெம்பர்ஸ், காய்ச்சல் மருந்து எல்லாம் பையில் போகும். தூங்கும் மகனைத் துண்டில் சுற்றிக்கொள்கிறேன். மூன்று வயது மகள் எழமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், அவளைப் பாதித் தூக்கத்தில் மோட்டார் சைக்கிளில் அவள் அப்பாவுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். நாலு பேரும் ஒரே வண்டியில். அது தப்பு என்று எனக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். இருட்டில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்கா வீட்டில் இருவரையும் விட்டுவிட்டு முச்சந்திக்கு ஓடுகிறேன். மழை பெய்தால் இதே கதைதான், குடையும் சேர்ந்துகொள்ளும்.

அக்கா வீட்டில் மொத்தம் ஆறு பிள்ளைகள். கைக்குழந்தை இரண்டு, தவழ்வது ஒன்று, ஓடுவது மூன்று. ஸ்பிரிங் தொட்டில்கள் இரண்டும் கூடத்தில் தொங்கும். அவர் சமைக்கும்போது தவழ்கிறவன் உள்ளே வராமலிருக்கச் சமையலறை வாசலில் ஒரு பலகையை வைத்து அடைத்திருப்பார். டிவி நாள் முழுக்க ஓடும். ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதை நான் அக்காவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஒருத்தர் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சோறு வடிக்கும்போது டிவிதான் அவருக்கு உதவி ஆள்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவர் இல்லையென்றால் நானும் இன்று ஷா ஆலமில் இருப்பேன். யார் அந்த அக்கா என்றும் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆனால் சட்டத்தைப் பாருங்கள். 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டால் சமூகநல இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள். இது தெரிந்தால் அந்த அக்கா பயந்துபோய் நிறுத்திவிடுவார். அவர் நிறுத்தினால் நாளைக்கே நாலைந்து அம்மாக்கள் வேலைக்குப் போக முடியாது. அதனால் ஊரே தெரியாத மாதிரி இருக்கிறது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மட்டும் எல்லாரும் அந்த அக்காவைத்தான் கை காட்டுவோம்.

ஊசிக்கு வருவோம். பிறந்தவுடன் போடுவது மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். அப்புறம் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். இதுவரை நாம் விடுமுறையில் இருக்கிறோம், பிரச்சினை இல்லை. வேலைக்குத் திரும்பிய பிறகுதான் நான்காம் மாதம் நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல், ஐந்தாம் மாதம் ஆறு நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசி, ஆறாம் மாதம் மறுபடி நிமோகாக்கல் என்று மாதாமாதம் வரும். பிறகு ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைப்பொழுது போகும். நாள் சம்பளக்காரிக்கு ஒரு காலைப்பொழுது என்றால் அன்றைய கூலியே போனது மாதிரி. தேதி தவறினால் கிளினிக் தாதியான மிசி திட்டுவார், அவர் திட்டுவதும் நியாயம்தான். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல், மறுநாள் அக்கா "இன்னைக்கு வேணாம்மா, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்பார். ஊசிக் காய்ச்சல் ஒட்டாது என்று விளக்க அந்த இருட்டில் எனக்கு நேரம் கிடையாது. கை கால் வாய்ப் புண் வந்துவிட்டால் ஒரு வாரம் பத்து நாள் வீட்டோடுதான். அப்போது லீவு போடுவது யார்? இதுவரை எந்த வீட்டிலும் அப்பா போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

தாய்ப்பால் மட்டும் ஆறு மாதம் கொடுங்கள் என்று கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. கொடுக்க ஆசைதான். கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும், பிரிஜ்ஜில் நான்கு நாள் இருக்கும். பதினைந்து நிமிட இடைவேளையில் லாக்கர் அறையின் மூலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கறந்து, ஐஸ்கட்டிப் பையில் வைத்து, இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலோடு லைனில் நிற்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தாலும் அவள் சொல்லமாட்டாள். என் கூட்டாளிகளில் பலர் நான்காம் மாதத்திலேயே பால்மாவுக்கு மாறிவிட்டார்கள். டின் விலை உங்களுக்கே தெரியும்.

இதையெல்லாம் சொன்னால் பெரியவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அந்தக் காலத்துல எங்கம்மா பிள்ளையப் பெத்துப் போட்டுட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனாங்க, எத்தனை பேர வளத்தாங்க!" உண்மைதான், வளர்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. பெரட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையை அங்கே விடலாம். வரிசையாகத் துணித் தூளிகள் தொங்கும், ஓர் ஆயா இருப்பார், தோட்ட நிர்வாகம் அவருக்குச் சம்பளம் கொடுக்கும். நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போனதாக என் பாட்டி சொல்லியிருக்கிறார். அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எல்லாவற்றுக்கும் பிடிக்குமாம், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பால் போனது என்று கேட்க ஆளில்லையாம். ஆனால் அது பெரட்டு நேரத்துக்குத் திறந்திருந்தது, நடக்கும் தூரத்தில் இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகவே அழுகை கேட்கும், யாராவது வந்து எட்டிப்பார்ப்பார்கள். இப்போது எல்லா வீட்டுக்கும் இரும்பு கிரில், உள்ளே பூட்டு. எங்கள் பாட்டிமார் தனியாக வளர்த்தார்கள் என்று தயவுசெய்து பெருமை பேசாதீர்கள்.

பள்ளி வாரியத்துக்கு இன்னொன்றும் நினைவுபடுத்த வேண்டும். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் குடியிருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதில்தான் உங்கள் பள்ளியும் தொடங்கியது. 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் சட்டத்திலும், தோட்டத்தில் குடியிருப்பவர்களின் சின்னப் பிள்ளைகளுக்கு நர்சரி வைப்பது பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டம் தோட்டத்துக் கேட்டோடு நின்றுவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் லயத்தை விட்டு வெளியே வந்து தாமானில் வீடு எடுத்தோம். முன்னேற்றம்தான். வரும்போது ஆயாக் கொட்டகையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், அதற்குப் பதிலாக யாரும் எதுவும் கட்டவில்லை. நாலு ஐந்து வயதுக்குப் பாலர்பள்ளி இருக்கிறது. அதற்குக் கீழே இந்த ஊரில் ஒன்றுமில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். இங்கே பிள்ளை பார்ப்பவர்கள் ஒரு குழந்தைக்கு 400, 450 வாங்குகிறார்கள், அவர்கள் படும் பாட்டுக்கு அது அதிகமும் இல்லை. இரண்டு பிள்ளை என்றால் என் சம்பளத்தில் பாதி. பதிவு பெற்ற தாஸ்காவுக்குக் கட்டும் பணத்தில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று ஓர் ஆசிரியை சொன்னார். நல்ல விஷயம். 1,700 வெள்ளி வாங்குகிறவள் வரியே கட்டுவதில்லை, அவளுக்கு எதில் கழிப்பது?

"அப்படின்னா வீட்டுல இருந்து பிள்ளையப் பாத்துக்க வேண்டியதுதானே" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். அவருக்கு என் மூன்றாவது தோழியைக் காட்ட வேண்டும், அந்த வேலையை விட்டவளை. கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. வீட்டுக் கடன் ஒரே சம்பளத்தில் போகிறது. நாள் முழுக்க அவள் பேசுவது ஒன்றரை வயதுப் பையனோடு மட்டும். கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறாள், ஏனென்றால் அவன் எதை எடுத்து வாயில் போடுவான் என்று தெரியாது. பேட்டரி, ரம்புத்தான் கொட்டை, அண்ணன் பிள்ளையின் கோலிக்குண்டு எல்லாம் அவன் வாயிலிருந்து எடுத்திருக்கிறாள். பிள்ளை பெற்ற பிறகு மனம் ஒடிந்துபோகிறவர்களைப் பற்றி மிசி கேட்டபோது "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதாள். வேலைக்குப் போகாத அம்மாவுக்கும் வாரத்தில் இரண்டு காலை பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும். தூங்குவதற்காவது.

சரி, கேட்பது என்ன என்று சொல்கிறேன். பெரிய கட்டடம் கேட்கவில்லை.

பத்துக்குக் குறைவான பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே நடத்தும் தாஸ்காவாகப் பதிவு செய்யலாம். ஊரில் ஏற்கெனவே பிள்ளை பார்க்கும் அக்காமார் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ள இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். சமூகநல இலாகா கேட்கும் பாரங்கள், மாவட்ட மன்றம், தீயணைப்புத் துறை, சுகாதார இலாகா என்று ஏறி இறங்க வேண்டிய படிகள், இதெல்லாம் மலாயில் எழுதி நடக்க வேண்டிய வேலை. அந்த அக்காமாருக்கு அது மலை. உங்கள் வாரியத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார், முன்னாள் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், இருக்கிறார். பள்ளி மானியத்துக்கும் கோயில் நிலத்துக்கும் எத்தனை பாரம் நிரப்பிய கைகள்! இதையும் நிரப்பிக் கொடுங்கள். பராமரிப்பாளருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெர்மாத்தா பயிற்சிக்கு அவர்கள் போகும் நாட்களில் வருமானம் நிற்கும், அதை மட்டும் சங்கம் ஈடு செய்யட்டும். தீயணைப்புக் கருவி, படிக்கட்டுக் கதவு, பாய், துணை ஆளுக்கு முதல் ஆறு மாதச் சம்பளம் இவற்றை ஒய்பியிடம், அதாவது நம் தொகுதி மக்கள் பிரதிநிதியிடம், ஒவ்வொரு வருடமும் கொடுக்கும் பட்டியலில் சேர்க்கலாம். கோபுரத்து வர்ணத்துக்கு அடுத்த வரியில் எழுதினாலும் போதும்.

அடுத்தபடியாக ஓர் இடம். பள்ளிக்குப் பின்னால் பழைய கட்டடம் சும்மா கிடக்கிறது. கல்வி இலாகா அனுமதி இல்லாமல் தொட முடியாது என்பீர்கள், புரிகிறது, கேட்டுப் பாருங்கள். அதற்கிடையில் கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை அறை இருக்கிறது. ஏர்கான், குளியலறை, கண்ணாடி எல்லாம் உண்டு. கல்யாண நாளில்தான் திறக்கிறீர்கள். மாப்பிள்ளைக்கு வருடத்தில் சில நாள், மீதி நாள் பிள்ளைகளுக்கு. எங்கே வைத்தாலும் ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். எட்டு மணிக்குத் திறக்கும் தாஸ்காவுக்கு ரிப்பன் வெட்ட எங்களைக் கூப்பிடாதீர்கள், நாங்கள் அந்நேரம் வேலையில் இருப்போம்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. மண்டபத்தில் பால் கொடுக்க ஒரு திரை மறைவும் ஒரு நாற்காலியும் வையுங்கள், இப்போது பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறோம். ஆடி மாதம் முழுக்க ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு வைக்கிறீர்கள். எனக்கும் அம்மன் மேல் பக்தி உண்டு. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை நாலரைக்குத்தான் தூங்கியிருக்கும். சத்தத்தைக் குறைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளும் தாய்தானே.

கடைசியாகக் கூட்ட நேரம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை எப்போதும் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். பிறகு, "இளம் பெற்றோர் யாரும் வருவதில்லை" என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள். பின்வரிசையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு இரண்டு பாய் விரித்தால் போதும். நாங்கள் பிள்ளைகளோடு வருவோம். அழுவார்கள், ஓடுவார்கள், மைக் வயரை இழுப்பார்கள். அறிக்கை வாசிக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். தாஸ்கா விஷயத்தை வரவு செலவுக் கணக்குக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள், பதினொன்றரைக்கு மேல் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

இப்படிக்கு,
ஒன்பது மாத மகனுக்கும் மூன்று வயது மகளுக்கும் அம்மா
தென் பேராக்